முப்பதாவது பெயர்

பெர்மின் சம்பில்லாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. காதில் குறை ஒன்றும் இல்லை. மலைச்சரிவில் மேய்கிற ஒரு லாமா இருமினால் அது யார் வீட்டு லாமா என்று சொல்லக்கூடியவன். ஆனாலும் "பெர்மின்!" என்று கூப்பிட்டால் கையை உயர்த்துவான், இல்லாவிட்டால் எழுந்து வந்து எதிரில் நிற்பான். வாய் மட்டும் திறக்காது. அவன் கல்யாணத்தில் பாதிரியார் மூன்று தரம் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பெண்ணைப் பார்த்து, "ஊமையையா கட்டிக்கிறே?" என்று கேட்டார். "பேசாத புருஷன் கிடைக்கறது லேசா சாமி? சீக்கிரம் முடிச்சு வைங்க" என்றாள் சாபினா. அதன் பிறகு அவள் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு சின்னக் கல்லை எடுத்து முதுகில் எறிவாள். அந்த வீட்டில் "என்னங்க" என்பதற்கு அதுதான்.

பெர்மினின் அம்மா கார்மெலா என் அப்பாவுக்கு நேர் தங்கை. அதனால் எனக்கு அவன் அத்தை மகன். ஒரே வருடத்தில் பிறந்தோம், ஒரே வருடத்தில் கட்டாய ராணுவத்துக்குப் போனோம். என்னைக் காட்டுப்பக்கம் அனுப்பினார்கள். அவனை மேற்கே, உப்புவெளி ஓரத்து எல்லைக் காவலுக்கு அனுப்பினார்கள். நாலாம் வகுப்பு வரை படித்திருந்தான், எழுத வரும் என்று கார்ப்பரல் ஆக்கினார்கள். போகும்போது வாயாடி. திரும்பி வந்தவன்தான் இப்படி.

அவனோடு போய்த் திரும்பாதவன் ஒருவன் உண்டு. தியோனி யுக்ரா. நிக்காசியாவின் ஒரே மகன். நிக்காசியா என் பெரியம்மாவின் நாத்தனார், எங்கள் எல்லோருக்கும் அத்தை. டிசம்பரில் முகாம் கலையும் சமயத்தில் அவள் கைக்கு ஒரு காகிதம் வந்தது. விடுவிக்கப்படுவதற்கு முந்தின நாள் உங்கள் மகன் தப்பி ஓடிவிட்டான் என்று அதில் எழுதியிருந்தது. விடுதலைக்கு ஒரு நாள் இருக்கும்போது எவன் ஓடுவான் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. முத்திரை குத்திய காகிதம் அல்லவா.

எங்கள் ஊர் கோயாவிரியில் ஆண்பிள்ளை ஏற வேண்டிய படிகள் உண்டு. முதல் படி ராணுவ முகாம். அதை முடித்தவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள். பிறகு தண்ணீர் முறை பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்தைக் கவனிக்க வேண்டும், திருவிழா எடுத்து நடத்த வேண்டும். எல்லாம் முடித்து, தலை நரைத்த பிறகு ஊர்ப் பொறுப்பு வரும். ஒரே ஒரு வருடம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பார்க்க வேண்டும். தப்பி ஓடியவன் வீட்டுக்கு எந்தப் படியும் கிடையாது. நிக்காசியா அத்தை எந்த விருந்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முப்பத்தாறு வருடம் அப்படியே.

அந்த முப்பத்தாறாவது வருடத்தில் ஊர்ப் பொறுப்பு பெர்மினுக்கு வந்திருந்தது. கறுப்புப் போர்வை, தோளில் சாட்டை, கையில் கோல். டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். எங்கள் ஊர் ஓட்டு சிதறாது. சபை கூடும், பொறுப்பில் இருப்பவன் தன் வார்த்தையைச் சொல்வான், பேசித் தீர்த்து எல்லோரும் ஒரே பக்கம் போடுவோம். சுற்றிலும் உள்ள எட்டு ஊர்கள் எங்களைப் பார்த்துப் போடும். அந்த வருடம் நின்றவர்களில் ஒருவர் ஜெனரல் அரியேட்டா. உப்புவெளிக் காவலில் பெர்மினுக்கு லெப்டினன்டாக இருந்த அதே அரியேட்டா.

இறந்தவர்கள் வரும் நாளில் அவர் எங்கள் ஊருக்கு வருவதாக முடிவானது. நவம்பர் முதல் தேதி. என் தங்கை மகன் இலாரியோ, பள்ளிக்கூட வாத்தியார், அவன்தான் நாள் குறித்துக் கொடுத்தான்.

"நகரத்துல இருக்கறவங்க எல்லாரும் ஊருக்கு வர்ற நாள் மாமா. கூட்டம் தானா சேரும்."

"எல்லாரும் வருவாங்கதான்" என்றேன். "செத்தவங்களுக்கும் சேர்த்து நாற்காலி போடுவியா?"

சிரித்தான். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்.

முந்தின நாள் பொது அடுப்பில் ரொட்டிப் பிள்ளைகள் சுட்டுக்கொண்டிருந்தோம். செத்த ஒவ்வொருவருக்கும் முகம் வைத்து ஒரு பிள்ளை. இறங்கி வர ஏணி, திரும்பிப் போகக் குதிரை, எல்லாம் ரொட்டியில். இலாரியோ அங்கேயும் வந்து துண்டுக் காகிதம் கொடுத்தான். அதில் ஜெனரல் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரம் பேரை நடத்தினவரு. நாட்டை நடத்தத் தெரியாதா சித்தி?"

சாபினா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆயிரம் பேரும் வாயை மூடிக்கிட்டு நின்னாங்க. நானும் நடத்துவேன். உன் வகுப்புல இருபது பிள்ளைங்க, அதுங்களை உக்கார வைக்க முடியுதா உன்னால?"

"அதைத்தான் சொல்றேன், கட்டுப்பாடு வேணும். சண்டை பார்த்தவரு, சாவு பார்த்தவரு."

"முதல் படி ஏறியிருக்காரு, நல்லது. தண்ணிச் சண்டை ஒண்ணு தீர்த்திருக்காரா? திருவிழா எடுத்து, கறி பத்தலைன்னு நாலு கிழவிங்ககிட்ட ஏச்சு வாங்கியிருக்காரா? இந்தக் கோலைப் பிடிக்க எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷம் நடந்தாரு. அவரு முகாம்லேருந்து நேரா அரண்மனைக்குள்ள போவாரா?"

"சித்தப்பாவைக் கேளுங்க. கூட இருந்தவரு அவருதானே."

எல்லோரும் பெர்மினைப் பார்த்தோம். அவன் அடுப்புக்குள் விறகைத் தள்ளினான்.

அப்போது நிக்காசியா அத்தை தன் மாவோடு வந்தாள். ஒரு பிள்ளை செய்தாள். தலையில் படைத்தொப்பி, மார்பில் இரண்டு பொத்தான். புதிதாகச் செத்தவனுக்கு மூன்று வருடம் படையல் வைப்போம். மூன்றாம் வருடத்தோடு அனுப்பிவிடுவோம். அத்தை முப்பத்தாறு வருடமாக வைத்தாள், ஏனென்றால் அவள் வீட்டில் அவன் வந்த அடையாளம் விழவே இல்லை. மற்ற வீடுகளில் சரியாக நண்பகலுக்கு மெழுகுவர்த்திச் சுடர் சாயும், இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒரு ஈ வந்து ரொட்டியில் உட்காரும். அவள் வீட்டுச் சுடர் காற்றடித்தாலும் ஆடாது. நானே பார்த்திருக்கிறேன். விறைப்பாக, நேராக, அப்படியே நிற்கும்.

"ஓடிப்போனவனுக்கு எதுக்கு அத்தை படையல்? எங்கயாவது பொண்டாட்டி பிள்ளையோட சுகமா இருப்பான்" என்றாள் ஒருத்தி.

"இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வந்து சாப்பிடட்டும்" என்றாள் அத்தை. தட்டை அடுப்புக்குள் விட்டாள்.

பெர்மின் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டான். என் சட்டையைப் பிடித்து அடுப்புக்குப் பின்னால் இழுத்துப் போனான். முப்பத்தாறு வருடத்துப் பேச்சை அன்று ஒரே மூச்சில் பேசினான்.

"அவன் ஓடல மச்சான். ஜூன் பதினேழாந்தேதி செத்தான்."

மூன்று கோவேறு கழுதைகள் அவிழ்ந்து உப்புவெளிக்குள் போய்விட்டன. வெள்ளைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தரை வெள்ளை, வானம் வெள்ளை, நடுவே கோடு கிடையாது. லெப்டினன்ட் அரியேட்டா தியோனியைப் போகச் சொன்னார். இந்தக் காற்றில் வேண்டாம் என்று பெர்மின் சொல்லிப் பார்த்தான். "நான் யோசனை கேட்கல, கார்ப்பரல்." கழுதைகள் சாயங்காலம் தாமாகவே வந்து சேர்ந்தன. தியோனி வரவில்லை. மூன்று நாள் தேடியும் ஒரு துணி கூடக் கிடைக்கவில்லை.

"அந்த மாசம் மேலதிகாரிங்க பார்வையிட வர்றதா இருந்தது. அவருக்கு கேப்டன் பதவி வரணும். ஒரு ஆளைத் தொலைச்சான்னு எழுதினா அவ்வளவுதான். அதனால பேரை அடிக்கல. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பேர் கூப்பிடுவாரு. முப்பத்தொரு பேரு. பட்டியல்ல முப்பதாவது யுக்ரா தியோனிசியோ. என்னைப் பதில் சொல்லச் சொன்னாரு. வரிசைக்குப் பின்னால நின்னு, குரலை மாத்தி, 'ஆஜர்'னு சொன்னேன்."

"எத்தனை நாளு?"

"ஆகஸ்ட் வரைக்கும்."

"டிசம்பர்லதானே முகாம் கலைஞ்சது?"

அவன் அடுப்புச் சுவரில் கையை ஊன்றினான். "ஆகஸ்ட்ல எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. காத்துதான் வருது, குரல் வரல. அன்னிக்கு யுக்ரா தியோனிசியோன்னு கூப்பிட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள 'ஆஜர்'னு பதில் வந்தது. நான் நிக்கற இடத்துலேருந்து இல்ல. வரிசையில அவன் நிக்கற இடத்துலேருந்து. பசங்க அந்த ஒரு ஆள் அகலத்தை எப்பவும் காலியா விட்டுத்தான் நிப்பாங்க. லெப்டினன்ட் தலையைத் தூக்கல. அடுத்த பேரைக் கூப்பிட்டாரு. அதுக்கப்புறம் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கல. கடைசி நாள் வரைக்கும்."

எனக்கு அடுப்பின் சூடு உறைக்கவில்லை.

"கலைஞ்சு போன்னு எங்க எல்லாருக்கும் உத்தரவு கொடுத்தாரு. அவனுக்குக் கொடுக்கல, முந்தின நாளே ஓடிட்டான்னு எழுதியாச்சே. அவன் இன்னும் வரிசையில நிக்கறான் மச்சான். அத்தை வருஷா வருஷம் வா வான்னு கூப்பிடறா. உத்தரவில்லாம எப்படி நகருவான்?"

"நீ என்ன செய்யப் போறே?"

"கேக்கப் போறேன். தியோனியை அனுப்பிவைங்க, ஊர் ஓட்டை முழுசா உங்களுக்கு வாங்கித் தர்றேன்னு. பேரைக் கூப்பிட்டவன்தானே விடவும் தெரிஞ்சவனா இருக்கணும். அது தெரிஞ்சா அவரு நாட்டை ஆளட்டும், எனக்கு வருத்தமில்ல."

மறுநாள் பதினொரு மணிக்கு மூன்று வண்டிகளில் வந்தார்கள். ஜெனரல் தலை முழுக்க வெள்ளை. ஆனால் முதுகு வளையவில்லை. எட்டு ஊர் ஜனம் சதுக்கத்தில். ஒவ்வொருவர் கையிலும் வீட்டில் படைத்தது போக மிச்சப் பூ, கரும்பு, வெங்காயத் தாள்.

"கார்ப்பரல் சம்பில்லா!" என்று கைகளை விரித்துக்கொண்டு வந்தார். பெர்மின் நெற்றியில் கைவைத்து வணங்கினான். பதில் சொல்லவில்லை. வண்டி ஓரமாக ஒதுங்கியதும் மெதுவாகக் கேட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஜெனரல் ஐயா, யுக்ரா தியோனிசியோவைக் கலைஞ்சு போகச் சொல்லுங்க. ரெண்டே வார்த்தை. அவங்கம்மா வீட்டு வாசல்ல நின்னு சொன்னாப் போதும். ஊர் ஓட்டு உங்களுது."

ஜெனரல் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்காமலே பேசினார். "பழைய கதை, சம்பில்லா. அன்னிக்கு நான் உள்ளதை எழுதியிருந்தா உங்க முப்பது பேரையும் விசாரணையில போட்டு உருட்டியிருப்பாங்க. ஒருத்தன் போனான், முப்பது பேரு வீட்டுக்குப் போனீங்க. தலைமைன்னா அதுதான். இந்த நாட்டுக்கு அதுதான் வேணும்." தோளில் தட்டினார். "மேடைக்கு வா. என் பக்கத்துல நில்லு."

பெர்மின் மேடையில் ஏறினான். என்னையும் படியில் நிற்கச் சொன்னான்.

ஜெனரல் காகிதம் பார்க்காமல் பேசினார். நன்றாகவே பேசினார். எங்கள் பனி, எங்கள் காய்ந்த கிழங்குக் கஞ்சி, எல்லாம் நினைவு வைத்திருந்தார். பிறகு சொன்னார்: "மற்ற வேட்பாளருங்க உங்க பேரைக் காகிதத்துல பார்த்துப் படிப்பாங்க. என் பிள்ளைங்க பேரு எனக்கு மனப்பாடம். முப்பத்தாறு வருஷமாச்சு. கேளுங்க."

ராணுவக் குரலில் கூப்பிட ஆரம்பித்தார். வந்திருந்த பழைய ஆட்கள் நிமிர்ந்து "ஆஜர்" என்றார்கள். செத்தவர்களுக்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கும் கூட்டம் பதில் சொல்லும். அது எங்கள் நாட்டு வழக்கம்தான். இலாரியோ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முதலில் "ஆஜர்" என்பான், கூட்டம் அதை வாங்கி முழங்கும். பத்து பெயர், பதினைந்து பெயர். கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்கூட, பொய் சொல்வானேன், இவருக்கே போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

கோயில் மணி நண்பகலுக்கு அடித்தது. இறந்தவர்கள் உள்ளே வர எல்லா வீட்டுக் கதவும் திறந்து வைத்திருக்கும் நேரம். அவருக்கு அது தெரியாது, நிறுத்தவில்லை. ஜெபமாலை உருட்டுகிற விரல் ஒரு மணியைத் தாண்டாது அல்லவா, அப்படித்தான் அந்த வரிசையும் அவர் வாயில். இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

"யுக்ரா தியோனிசியோ!"

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகத்தில் தெரிந்தது.

இலாரியோ வாயைத் திறந்தான். அதற்குள் "ஆஜர்" என்று கேட்டது.

இளங்குரல். பத்தொன்பது வயதுக் குரல். சளி கட்டியிருந்தது. ஒலிபெருக்கியில் வரவில்லை, கூட்டத்திலிருந்தும் வரவில்லை. பக்கத்துச் சந்தில், கதவு திறந்த ஒரு வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நான் பெர்மினைப் பார்த்தேன். மெல்லுகிற கோகா இலையால் கன்னம் உப்பியிருந்தது, உதடு இறுகியிருந்தது. அவன் சொல்லவில்லை.

சந்தில் இருந்தது நிக்காசியா அத்தை வீடு. அவள் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றாள். தலையை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

பெர்மின் வாயிலிருந்த இலையைத் துப்பினான். ஜெனரலுக்கு எதிரே போய்க் காலைச் சேர்த்து நின்றான்.

"தகவல் சொல்றேன், லெப்டினன்ட் ஐயா. முப்பத்தொரு பேர்ல முப்பது பேர் ஆஜர். ஒருத்தன் இல்ல. யுக்ரா தியோனிசியோ ஜூன் பதினேழாந்தேதி உங்க உத்தரவுல உப்புவெளிக்குள்ள போனான், வரல. ஓடிப் போகல. இருக்கான்னு பதில் சொன்னது நான். பொய் சொன்னேன். இப்ப திருத்திச் சொல்றேன். அவனைக் கலைஞ்சு போகச் சொல்லுங்க."

ஒலிபெருக்கி அதையும் எட்டு ஊருக்குச் சொல்லிவிட்டது.

ஜெனரல் அவனைப் பார்த்தார். சந்துப் பக்கம் பார்த்தார். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்; அந்த இரண்டு வார்த்தை வந்துவிடும் என்றே நினைத்தேன். பிறகு பழக்கம் வென்றது. அவர் பார்வை வரிசையின் கடைசிக்குப் போனது.

"சென்தேனோ மார்சியால்!"

மார்சியால் அங்கேதான் இருந்தான். மேடைக்கு நாலடியில், மார்பில் பழைய பதக்கம் குத்திக்கொண்டு. அவன் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். பதில் சொல்லவில்லை.

"சென்தேனோ!"

யாரும் சொல்லவில்லை. கடைசியாக அவருக்குப் பதில் சொன்னது செத்தவன் ஒருவன்தான். உயிரோடு இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டோம்.

வண்டிகள் கிளம்பின. இறந்தவர் நாளில் ஊருக்குள் வந்தவர் எந்த வீட்டு ரொட்டியும் வாங்காமல் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெர்மின் மேடையிலிருந்து இறங்கி, கோலைச் சாபினா கையில் கொடுத்துவிட்டு, நிக்காசியா அத்தை முன்னால் மண்டியிட்டான். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நியாயம்.

"முப்பத்தாறு வருஷம்" என்றாள். "என் வீட்டுக் கிணத்துல தண்ணி குடிச்சே. என் கூரைக்குப் புல்லு போட்டே."

"ஆமா அத்தை."

"எந்திரி. அவனுக்காக நீதானே பதில் சொன்னே. இப்ப அவனுக்காக உக்காந்து சாப்பிடு."

எங்கள் முறை அதுதான். வந்து உட்காருகிறவன் வாயால்தான் இறந்தவன் சாப்பிடுகிறான். பெர்மின் படையல் முன்னால் உட்கார்ந்தான். சுடர் விறைப்பாக நின்றது. தொப்பி வைத்த ரொட்டியைக் கையில் எடுத்தான், ஆனால் கை வாய்க்குப் போகவில்லை. எழும்பாத கையோடு போராடினான். வியர்த்தது.

"நகர மாட்டேங்கறான் அத்தை. உத்தரவு வேணும்."

"யாரு கொடுக்கணும்?"

"அவருதான் கொடுக்கணும். இல்லேன்னா... எனக்குத் தெரியல. அவரைவிடப் பெரியவங்க."

அத்தை வாழ்நாளில் யாருக்கும் உத்தரவு போட்டவள் இல்லை. சுடரைப் பார்த்தாள். சுடருக்குப் பின்னால் இருந்த மூலையைப் பார்த்தாள்.

"நின்னது போதும்டா தியோனி" என்றாள். "சாப்பிட்டுட்டுக் கிளம்பு."

சுடர் சாய்ந்தது. பெர்மினின் கை வாய்க்குப் போனது. ரொட்டி, கிழங்கு, கரும்பு, வெங்காயத் தாள் ஊறிய தண்ணீர், அந்த மேஜையில் இருந்தது அத்தனையும் சாப்பிட்டான். ஆறு பேர் சாப்பாடு. சாப்பிடச் சாப்பிடப் பசிக்கிறவன் மாதிரிச் சாப்பிட்டான். நாங்கள் சுவரோரம் நின்றோம்.

அன்று மாலை அத்தை வாசலில் சாம்பல் தூவினாள். வந்தவர் தடம் பார்க்க நாங்கள் செய்வதுதான். இரண்டாம் தேதி, நண்பகலுக்கு இறந்தவர்களை வழியனுப்பிவிட்டுப் போய்ப் பார்த்தோம். படைக்காலணித் தடம், பழைய மாதிரி, ஆணி வைத்தது. சாம்பலுக்கு மேல் உப்புப்பொடி வெள்ளையாக. வாசற்படியிலிருந்து தெருவுக்கு ஆறு தடம். உள்ளே வந்த தடம் ஒன்றும் இல்லை.

அத்தை குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "வரவே இல்லைன்னு நினைச்சேன்" என்றாள். "அவன் போகவே இல்ல. எங்கூடவே நின்னிருக்கான். இத்தனை வருஷம் அவன் முன்னாலயே உக்காந்து தின்னிருக்கேன்."

டிசம்பரில் ஜெனரலுக்கு எங்கள் ஓட்டுப் பெட்டியில் ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. யாருடையது என்று இலாரியோவிடம் இன்றுவரை யாரும் கேட்கவில்லை. நாட்டிலும் அவர் ஜெயிக்கவில்லை. எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன். அத்தை அதற்குப் பின் எல்லா விருந்திலும் முதல் வரிசையில் உட்கார்ந்தாள், நாலு வருடம் இருந்து போனாள்.

பெர்மின் அந்த வாரமே மாறினான். மேய்ச்சலில் ஒருநாள் பழக்க தோஷத்தில் "பெர்மின்!" என்று கத்திவிட்டேன்.

"என்ன மச்சான்?" என்றான்.

சாபினா கல் எறிவதை விட்டாள். "இதுக்கு அதுவே தேவலாம், இப்ப வாய் மூட மாட்டேங்கறாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒன்பது வருடம் கூப்பிட்டவர்க்கெல்லாம் பதில் சொன்னான். பிறகு மார்ச்சளி வந்து போய்ச் சேர்ந்தான்.

மூன்று வருடப் படையலும் முறையாக முடித்தோம். அனுப்பும்போது நானே அவன் காதில் சொல்கிற மாதிரி, போய் வா என்று மெதுவாகச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. இதில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன், எழுதுவதற்குப் பயமில்லை. வாய் விட்டு மட்டும் இன்றுவரை கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன மச்சான் என்பான். அப்புறம் அவனைப் போகச் சொல்ல எங்கள் வீட்டில் அத்தையைப் போல யாரும் இல்லை.